கருமாதி மாத்திரை

அம்மா இறந்த பதினோராம் நாள் கல்லூரியிலிருந்து ஓர் அனுதாபச் செய்தி வந்தது. இரண்டு வரி அனுதாபம், ஏழு வரி வருகைப்பதிவு. என் வருகை அறுபத்தெட்டு சதவீதத்துக்கு இறங்கிவிட்டதாம். துக்கத்தின் பேரில் சலுகை வேண்டுமென்றால், துக்கம் முடிந்துவிட்டது என்பதற்கான சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் வாங்க வேண்டுமாம். தவறினால் தேர்வு எழுத முடியாது. கடைசியில் கூப்பிய கைகள் படம் ஒன்று. அது அனுதாபத்துக்கா வருகைப்பதிவுக்கா என்று பிரித்துச் சொல்லவில்லை.

முன்பெல்லாம் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் போதும். ஒரே தாத்தாவை மூன்று செமஸ்டரில் மூன்று முறை சாகடித்த சீனியர்கள் எங்கள் கல்லூரியில் உண்டு. மாத்திரை வந்தபிறகு அந்தப் பொற்காலம் முடிந்தது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெயர் விசோக்ஸ் நாற்பது. அந்தப் பெயரை வாயால் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் அதற்குக் கருமாதி மாத்திரை என்று பெயர். பதினாறு நாள் செய்கிற வேலையைப் பத்து நிமிடத்தில் செய்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு செத்தவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நினைவெல்லாம் அப்படியே இருக்கும். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். வலி மட்டும் இருக்காது.

ஆரம்பத்தில் டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுப்பார்கள். கடையில் நேரடியாக விற்கலாமா என்று இரண்டு வருடம் டி.வி.யில் கத்தினார்கள். கூடாது என்று கத்தியவர்களில் சீரியல் எடுப்பவர்களும் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிப்பவர்களும் முன்வரிசை. வேண்டும் என்றவர்கள் மில் முதலாளிகள். யார் ஜெயித்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "துக்கப்படுவது தனிமனித உரிமை, துக்கப்படாமல் இருப்பதும் தனிமனித உரிமை" என்று அமைச்சர் பேசினார். மறு மாதமே அது மெடிக்கலில் தலைவலி மாத்திரைக்குப் பக்கத்துத் தட்டுக்கு வந்துவிட்டது. அதற்கடுத்த மாதம் மில்களில் சாவு லீவு பத்து நாளிலிருந்து மூன்று நாளாக ஆனது. உரிமை கடையில் விற்க ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் கடமையாகிவிடும் போலிருக்கிறது.

நாங்கள் பள்ளிபாளையம். எங்கள் ஊரில் வீட்டுக்குள் தறி இருக்காது, தறிப் பட்டறைக்குள்தான் வீடு இருக்கும். அப்பா, நான் மூன்றாவது படிக்கும்போது லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாசிக் போனார். லாரி திரும்பி வந்தது. அவரிடமிருந்து அப்புறம் வந்தது ஒரே ஒரு போன். அதையும் அம்மா குரலைக் கேட்டதும் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்.

சித்தி அம்சவேணி அம்மாவுக்கு இரண்டு வயது இளையவள். கல்யாணமாகி எட்டாம் மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டவள். அன்றிலிருந்து எனக்கு ஒன்றுக்கு இரண்டு அம்மா. ஒருத்தி பகல் ஷிப்ட், இன்னொருத்தி ராத்திரி ஷிப்ட். ஒரே தறியில் மாறி மாறி நின்றார்கள். வீட்டில் ஒரு ஜோடி நல்ல செருப்புதான், அதையும் மாறி மாறிப் போட்டார்கள். ரேங்க் கார்டில் யார் தூங்காமல் இருக்கிறாளோ அவள் கையெழுத்துப் போடுவாள். ஆளும் ஒரே அச்சு. அம்மாவுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் தெய்வானையா அம்சவேணியா என்று முடிவு செய்வார்.

அறுந்த நூலை முடிபோடக் குனிந்த அம்மா நிமிரவில்லை. பக்கத்துத் தறிக்காரர்களுக்குக் கால்மணி நேரம் தெரியவில்லையாம். அந்தச் சத்தத்தில் யார் விழுந்தாலும் கேட்காது. கருமாதியை மூன்றாம் நாளே முடித்தோம். சித்திக்கு முதலாளி கொடுத்த லீவு அவ்வளவுதான்.

கல்லூரிச் செய்தியைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். சித்தி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாயில் வைத்திருந்த கொண்டை ஊசியை எடுத்துக் கொண்டையில் சொருகினாள்.

"போட்டுக்க கண்ணு," என்றாள்.

"என்னத்தை?"

"மாத்திரையத்தான். பட்டறையில மூணு பேரு போட்டிருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க. கண்ணம்மா புருசன் செத்து ஒரு வாரத்துல சிரிச்சுப் பேசுறா."

"அவ புருசன் இருக்கறப்பவே சிரிச்சுட்டுத்தானே இருந்தா?"

"வாயக் குறைடா. ஒரு வருசம் போச்சுன்னா உதவித்தொகை போயிரும். அப்புறம் நீயும் தறிதான் ஓட்டோணும். அக்கா அதுக்கா செத்தா?"

"அப்ப நீயும் போட்டுக்க."

"நான் எதுக்குப் போடோணும்? எனக்கென்ன பரீட்சையா வெச்சிருக்காங்க?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவளுக்கு அழ நான் ஒருத்தி இருக்கறேன் யசு. நீ படி."

அதுதான் எனக்கு ஒப்பவில்லை. தெய்வானை என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் அழுகிற ஆள் இரண்டே பேர். அதில் ஒரு ஆளைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று தீர்மானித்தேன். தேர்வையும் விட மாட்டேன் என்றும் தீர்மானித்தேன். இரண்டு தீர்மானத்தையும் பையில் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை விடுதிக்குப் போனேன்.

அறைத்தோழன் முகிலன் எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவன். லேபில் கரண்ட் போனாலும் ரீடிங் எழுதிவிடுவான்.

"மாத்திரையத் துப்பிடு மாப்ள," என்றான்.

"கவுன்சிலிங் ரூம்ல மேடம் எதிர உக்காந்து போடணும்டா. வாயத் திறந்து காட்டச் சொல்லுவாங்க."

"அப்ப படத்த மாத்து. சேர்மன் படத்த வெச்சுப் பாரு. அந்தாளு மேல இருக்கற பாசம் போனா போயிட்டுப் போகுது."

அதுவும் நடக்காது. விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். படத்தைப் பார்க்கும்போது மனசு அசைந்தால் பச்சை, அசையாவிட்டால் சிவப்பு. மெக்கானிக்கல் சீனியர் ஒருவர் சேர்மன் படத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். சிவப்பு. ஒரு நடிகை படத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். நல்ல பச்சை. ஆனால் மேடம், "இது உங்க அப்பாவா?" என்று கேட்டுவிட்டார்.

முகிலன் கட்டிலில் மல்லாந்து படுத்து யோசித்தான். "அப்ப நமக்கு வேண்டியது அம்மா மாதிரி இருக்கற ஒரு மூஞ்சி. அதப் பார்த்தா உனக்கு மனசும் அசையணும். ஆனா அம்மாவா இருக்கக்கூடாது." சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "டேய், உங்க சித்தி!"

"அவங்க உயிரோட இருக்காங்கடா."

"அதான் மாப்ள பாயிண்டே. அந்த மாத்திரை என்ன எடுக்கும்? துக்கத்த எடுக்கும். சித்தி மேல உனக்குத் துக்கம் இருக்கா?"

"இல்ல."

"இல்லாததை எப்படி எடுக்கும்? இன்புட் ஜீரோ. அவுட்புட்டும் ஜீரோ."

மூன்று வருடம் பொறியியல் படித்ததில் எங்கள் இருவருக்கும் உருப்படியாகப் புரிந்திருந்தது அந்த ஒரு வரிதான். அதனால் எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது.

கல்லூரி வாசலில் இருக்கிற மெடிக்கலில் எப்போதும் கூட்டம். கல்லாவில் இருப்பவர் அர்த்தநாரி அண்ணன். அவர் கையில் கத்தரிக்கோல் ஆறாவது விரல் மாதிரி. காய்ச்சலுக்கு இரண்டு, வயிற்றுக்கு மூன்று, அலர்ஜிக்கு ஒன்று என்று அட்டையை வெட்டி வெட்டிச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். மருந்தின் பெயர் ஒருத்தர் கைக்கும் காலாவதித் தேதி இன்னொருத்தர் கைக்கும் போகும். அவர் கடையில் முழு அட்டை வாங்கியவனை வசதியானவன் என்று ஊர் பேசும்.

எனக்கு முன்னால் வேட்டி கட்டிய ஒருவர் நின்றார்.

"ஏனுங்க, எருமை செத்துப்போச்சுங்க. அதுக்கு இந்தக் கருமாதி வேலை செய்யுங்களா?"

அர்த்தநாரி அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "போட்டோ இருக்குதுங்களா?"

"செல்லுல இருக்குதுங்க. கன்னுக்குட்டியோட நிக்குது."

"கன்னுக்குட்டிய வெட்டிட்டு எருமைய மட்டும் வெச்சுப் பாருங்க. வேலை செய்யும்."

நான் சிரித்தேன். அந்த மனிதர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. நிஜமாகவே அழுதிருக்கிறார். சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"கருமாதி ஒண்ணுங்கண்ணா. பில்லோட."

"காலேஜா?" என்றார். ஒரே ஒரு மாத்திரையைக் கச்சிதமாக வெட்டினார். "யாருக்கு?"

"அம்மாவுக்குங்க."

கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது. "எத்தன நாளாச்சு?"

"பன்னண்டு நாள்."

"ம்."

"அண்ணா, சும்மா ஒரு டவுட்டு. உயிரோட இருக்கறவங்க போட்டோவப் பார்த்துட்டுப் போட்டா என்னாகும்?"

"யாரு, லவ்வரா?"

"அய்யோ இல்லீங்கண்ணா. சும்மாதான்."

"சும்மா கேக்கறவன் கையில நான் இதைக் குடுக்கறது கெடையாது." சொன்னாரே தவிர, கை உறையில் போட்டு நீட்டிவிட்டது. பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். "எல்லாம் காயிதத்துல போட்டிருப்பான். படிச்சுப் பாரு."

"காயிதம் குடுங்கண்ணா."

"பொட்டிக்கு ஒரு காயிதம்தான் வெக்கறான். ஒண்ணொண்ணா வெட்டி வித்தா எத்தன பேருக்குக் குடுக்கறது? நகரு தம்பி, பின்னால ஆளு நிக்குது."

நகர்ந்தேன்.

படம் என் செல்லில் ஒன்றுதான் தேறியது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குப் பட்டறை வாசலில் எடுத்தது. நடுவில் நான், வலது பக்கம் அம்மா, இடது பக்கம் சித்தி. மூன்று பேர் வாயிலும் லட்டு. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதும் இதேதான். எங்கள் வீட்டில் யாரும் தனியாகப் படம் எடுத்துக்கொண்டதில்லை. என்னையும் அம்மாவையும் வெட்டிவிட்டுச் சித்தியை மட்டும் பிரிண்ட் போட்டேன். புருவத்தில் தழும்பு இல்லையே என்று முகிலன் கவலைப்பட்டான். நான் படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மேடத்திடம் இருக்கப்போவது அம்மாவின் ஆதார் படம். ஆதாரில் எல்லோரும் போலீஸ் தேடுகிற முகத்தோடுதான் இருப்பார்கள். அதில் தழும்பைத் தேட முடியாது, புருவத்தையே தேட வேண்டும்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் கவுன்சிலிங் அறை. பவித்ரா மேடம் அன்பானவர். அவருக்கு அதுதான் வேலை. பில்லைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அம்மா சின்ன வயசுல எடுத்ததா?"

"மூணு வருசம் முன்னாடி மேடம்."

"லட்டு சாப்பிடறாங்க. அழகா இருக்காங்க." கிளிப்பை மாட்டினார். "நாக்குக்கு அடியில வெச்சுக்கோ. பேசக்கூடாது. அவங்களோட நல்ல நல்ல நினைவா ஒவ்வொண்ணா மனசுக்குக் கொண்டு வா."

மாத்திரை லேசாக இனித்தது. பச்சை விளக்கு எரிந்தது. நான் எதையும் கொண்டுவரக்கூடாது என்று செமிகண்டக்டர் பாடத்தை நினைத்தேன். ஆனால் எதிரில் இருக்கிற முகம் சும்மா விடவில்லை. அதுவாக ஒவ்வொன்றாக வந்தது. சைக்கிள் கற்றுக்கொண்டபோது சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தது. சூடான போண்டாவைப் பிட்டு ஊதி ஊதி உள்ளங்கையில் வைத்தது. அம்மை போட்டபோது மூன்று ராத்திரி வேலைக்குப் போகாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்தது. டி.சி. தரமாட்டேன் என்ற ஹெட்மாஸ்டரிடம், "நீ வாத்தியாரா, வட்டிக்கடைக்காரனா?" என்று கேட்டு வாங்கி வந்தது. சீட்டு கிடைத்த அன்று பஸ் ஸ்டாண்டில் யாரோ, "பையனுங்களா?" என்று கேட்டதற்கு, அக்கா மகன் என்று சொல்லாமல், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு என்னைத் திருட்டுத்தனமாகப் பார்த்தது.

ஒவ்வொன்றும் வந்தது, நின்றது, போனது. போகும்போது எதுவும் வலிக்கவில்லை. வலிக்காதது நல்லதுதானே என்று உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடம் முடிந்தது. விளக்கு சிவப்பாகியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் மேடம்.

"ஒண்ணும் இல்லீங்க மேடம்."

"அம்மாவப் பத்தி என்ன நினைக்கிற?"

அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் பிராக்டிகலில் இருந்தேன். வயரை வைத்துவிட்டு ஓடினேன். அது எல்லாம் அப்படியே திரும்ப வந்தது. முழுங்கினேன்.

"நல்ல மனுசி மேடம்," என்றேன்.

மேடம் முத்திரை குத்தினார். சான்றிதழில் "துக்கம் நிறைவு" என்று அச்சடித்திருந்தது. ஏதோ கட்டடத் திறப்பு விழா மாதிரி.

நேராக விடுதிக் குளியலறைக்குப் போனேன். பைப்பைத் திறந்துவிட்டு அழுது பார்த்தேன். வந்தது. இத்தனை நாள் வந்ததைவிடக் கூடவே வந்தது. அம்மா அப்படியே இருந்தாள். கதவுக்கு வெளியே முகிலன், "ஓகேவா மாப்ள?" என்று கத்தினான். "ஓகேடா," என்று அழுதுகொண்டே கத்தினேன். கல்லூரியை, மில் முதலாளிகளை, அமைச்சரை எல்லாம் ஒரே ஆளாக ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை தறி லீவு. இரண்டு பஸ் மாறிச் சித்தி வந்திருந்தாள். விடுதி வாசலில் வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குத் தெரிந்தது. சித்தி. பெயர் அம்சவேணி. வயது நாற்பத்தாறு. பள்ளிபாளையம். எல்லாம் சரியாக ஞாபகம் இருந்தது, அப்ளிகேஷன் நிரப்புகிற மாதிரி.

"கறுத்துட்டியே சாமி," என்று முந்தானையால் என் நெற்றியைத் துடைக்க வந்தாள். நான் ஓரடி பின்னால் போனேன். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி நெற்றியைத் துடைக்க வந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

கை அந்தரத்தில் நின்றது. இறக்கிக்கொண்டாள். "சரி சரி. மாத்திரை போட்டது உடம்பு அசதியா இருக்கும். உக்காந்து சாப்பிடு."

அரிசியும் பருப்பும் சாதம். நெய் ஊற்றியிருந்தது. நன்றாக இருந்தது. மெஸ்ஸில் ஏதோ ஒரு நல்ல நாளில் போடும் சாப்பாடு எப்படி நன்றாக இருக்குமோ அப்படி. நூல் கிழித்த விரல்களால் அவள் மூடியைத் திறந்தாள், தண்ணீர் ஊற்றினாள். பாவம், உழைக்கிற ஜனம் என்று நினைத்தேன். நினைத்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. அதற்கு மேல் எதுவும் படவில்லை.

"வெசனப்படாத யசு," என்றாள். "அம்மாவ நெனச்சா ஒண்ணும் தோண மாட்டேங்குதேன்னு உனக்கு உள்ளுக்குள்ள இருக்கும். இருக்கட்டும். அவளே இருந்திருந்தா போட்டுக்கன்னுதான் சொல்லியிருப்பா. நேத்து அவ சீலைய எல்லாம் மடிச்சு வெச்சேன். அந்த ஊதாச் சீலையில இன்னும் நூல் பஞ்சு ஒட்டிட்டு இருக்குது..."

ஊதாச் சேலை என்றதும் என்னால் முடியவில்லை. சாதம் வாயில் இருக்கும்போதே உடைந்துவிட்டது. வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

சித்தி முதலில் பதறினாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "நீ போடலியா? ஏமாத்திட்டியா அவிங்கள? அட கள்ளப்பயலே!"

"போட்டேன்."

"போட்டா எப்படி அழுகற?"

சித்தி எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் ஆயிரம் இழையில் எது அறுந்தது என்று ஓடுகிற தறியில் கண்ணால் பிடிக்கிறவள். நான் பின்னால் போன அந்த ஓரடியை அவள் நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"யாரப் பார்த்துட்டுப் போட்ட?"

செல்லை எடுத்துக் காட்டினேன். வெட்டிய படம். வாயில் லட்டு.

செல்லை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"நல்லா விழுந்திருக்கறேன்," என்றாள்.

தூக்குப்போசியை மூடினாள். திறந்து மறுபடியும் மூடினாள். "அப்ப இப்ப நான் உனக்கு யாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். மேடத்திடம் சொன்ன பொய்யைவிடச் சின்னதுதான். ஆனால் ஒருவருக்காகப் பொய் சொல்லவும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

"சித்தின்னு தெரியுதுங்க," என்றேன்.

அவள் எழுந்தாள். "வா. எந்தக் கடையில வாங்குன? காட்டு. மாத்திரைன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு மாத்து ஒண்ணு இல்லாமயா போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடையில் ஆள் இல்லை. சித்தி கல்லாமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அர்த்தநாரி அண்ணன் முதலில் என்னைத் திட்டினார். "அன்னிக்கே கேட்டான்ங்கம்மா. சும்மான்னான்." பிறகு தன்னையே திட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பெட்டியைப் பிரித்து, எட்டாக மடித்த காகிதத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் படித்தார். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. ஐந்து நிமிடம் படித்தார். அவரே இப்போதுதான் முதல்முறை படிக்கிறார் என்று தெரிந்தது.

"செத்தவங்க மேல இருக்கற துக்கத்தைத்தானே அண்ணா எடுக்கணும்?" என்றேன். "உயிரோட இருக்கறவங்க மேல எனக்கு என்ன துக்கம்?"

காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"துக்கம்னு தனியா ஒண்ணும் கெடையாது தம்பி. இருக்கறது ஒண்ணுதான். ஆளு இருக்கறப்ப அதுக்குப் பாசம்னு பேரு. ஆளு போயிட்டா துக்கம்னு பேரு. ஆளு இருக்குதா இல்லியான்னு மாத்திரைக்கு எப்படித் தெரியும்?"

சித்தி கேட்டாள், "திரும்ப வராதுங்களா?"

"போனது வராதுங்கம்மா. வேணும்னா புதுசாப் பழகிக்கலாம்னு போட்டிருக்குது. ஒண்ணா இருந்து, பேசி, மொதல்ல இருந்து."

"மொதல்ல இருந்துன்னா?"

"அது... ஒருத்தருக்கொருத்தர் எப்படிப் பழகுனீங்களோ அப்படிங்க."

"அவனுக்கு அப்ப எட்டு வயசுங்க," என்றாள் சித்தி. சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஐந்தடி பத்து அங்குலம். தாடி. மறுபடி எட்டு வயதாக்க முடியாத ஒரு உருப்படி.

அர்த்தநாரி அண்ணன் கத்தரிக்கோலை எடுத்து, வைத்து, எடுத்தார். சித்தி சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

"எனக்கு ஒண்ணு குடுங்க."

"அம்மா, நீங்க யோசிச்சு..."

"குடுங்க சாமி. சீட்டு வேண்டாம்னுதானே கவர்மெண்ட்டே சொல்லியிருக்குது?"

வெட்டி, உறையில் போட்டுக் கொடுத்தார். இந்த முறை காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். சித்தி அதை வாங்கிக்கொள்ளவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. சித்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்காளுக்கு அழுகறதை நான் விடமாட்டேன் யசு. நீ விடாதது மாதிரிதான். அதுல உன்னைத் தப்புச் சொல்ல மாட்டேன்."

"ம்."

"செத்தவளுக்கு அழுதா என்னிக்காவது கொறையும். உசுரோட நிக்கறவனுக்கு அழுதா அதுக்கு ஏது பதினாறாம் நாளு? ரெண்டு பேருக்கும் சேத்து அழுதுட்டு என்னால தறி ஓட்ட முடியாது." சுருக்குப்பையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "மாசாமாசம் உனக்கு அனுப்பறது வந்துரும். அதுக்குப் பாசம் வேண்டாம், ஞாபகம் இருந்தா போதும். பரீட்சைய ஒழுங்கா எழுது."

தூரத்தில் பஸ் தெரிந்தது.

"உன்ற போட்டோ ஒண்ணு இருந்தா குடு," என்றாள்.

"வீட்டுச் சுவத்துல இருக்குதுங்களே?"

"அதுல நாம மூணு பேரும் இருக்கறோம். அதப் பார்த்தா அக்காளும் போயிருவா. நீ மட்டும் இருக்கறதா குடு."

தேர்வு விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் படங்கள் பர்ஸில் இருந்தன. எட்டில் இரண்டு போக ஆறு மீதி. எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் இருக்க வேண்டும் என்றும் தெரியும். பஸ் வந்து நிற்கிறவரை அந்தக் காரணத்தைத் தேடிப் பார்த்தேன்.

ஆறும் ஒரே படம்தான். ஓரம் மடங்காததாகப் பார்த்து ஒன்றைக் கொடுத்தேன்.